பழைய சிநேகிதி, வயசுபோன சிநேகிதி

எங்கட விடுதி அறையில் நாங்கள் நாலு பேர். ஒருத்தியின் அம்மா பலெர்மோவில் ஒரு வயசுபோன மனுசியைப் பார்க்கிற வேலை. மூன்றாம் வருசத்தில் அவளுக்கும் விசா சரிவந்தது. படிப்பை விட்டிட்டுப் போறதா எண்டு அவள் அழுத கிழமையில்தான் எல்லாருமாக இத்தாலியன் படிக்கத் தொடங்கினோம். ஒருத்தியைத் தனியப் படிக்கவிட மனம் வரவில்லை.

பன்மைக்கு 'கள்' போட்டுப் பழகிய எங்களுக்கு அங்கே சொல்லின் வாலே மாறுவது புதினம். லீப்ரோ ஒரு புத்தகம், லீப்ரி பல. காசா ஒரு வீடு, காசே பல. பனினி என்பதே பன்மை; ஒன்றென்றால் பனினோ. இவ்வளவு நாளும் கடையில் "ஒரு பாண்கள் தாங்கோ" என்றுதான் கேட்டிருக்கிறோம். விரல் இன்னும் மோசம். ஒரு விரல் 'தீத்தோ', ஆண்பால். பத்து விரல் 'தீத்தா', பெண்பால். ஏனெண்டு கேட்டு அரை இரவு போனது.

வினைச்சொல் மட்டும் சொந்தக்காரர் மாதிரி வந்து ஒட்டிக்கொண்டது. பார்லோ என்றால் கதைக்கிறன், பார்லி கதைக்கிறாய், பார்லியாமோ கதைக்கிறம், பார்லாத்தே கதைக்கிறியள், பார்லனோ கதைக்கினம். 'நான்', 'நீ' எல்லாம் தேவையில்லை, விகுதியே ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் 'பார்லா' என்றால் கதைக்கிறானா, கதைக்கிறாளா தெரியாது; அதில் தமிழ் ஒரு படி மேலே. மரியாதைக்கு நாங்கள் பன்மைக்குப் போக, அவர்கள் 'லேய்' என்கிறார்கள். அதுவே 'அவள்' என்பதற்கும் சொல். எதிரில் நிற்பது கிழவர் என்றாலும் வினை 'அவள்' வடிவத்தில்தான்.

பெயரடைதான் பாடாய்ப் படுத்தியது. தமிழில் 'சிவப்பு' எப்போதும் வீட்டுக்கு முன்னால், வீடு எத்தனை என்றாலும் மாறாது. அங்கே பின்னால் வந்து, பெயரோடு சேர்ந்து தானும் மாறும்: காசா ரோஸ்ஸா, காசே ரோஸ்ஸே. சிலது முன்னால் வந்தால் கருத்தே வேறு. 'வெக்கியா அமீக்கா' என்றால் நெடுநாள் சிநேகிதி. 'அமீக்கா வெக்கியா' என்றால் வயசுபோன சிநேகிதி. இதைச் சொல்லிச் சொல்லி ஒருத்தியை ஒருத்தி கிழவியாக்கிச் சிரித்தோம்.

அவள் போய் மூன்று மாதம். அறையில் ஒரு கட்டில் சும்மா கிடக்கிறது. போன கிழமை ஒரு படம் அனுப்பினாள், கீழே இத்தாலியனில் ஒரு வரி: 'என் வெக்கியே அமீக்கேக்கு'. நாங்கள் மூன்று பேரும் கொப்பியை எடுத்துச் சரிபார்த்தோம். முன்னால்தான் போட்டிருந்தாள்.