மலைமேல் மாளிகை, கீழே அலமாரி

சார்மினாரைச் சுற்றியுள்ள வளையல் கடைகளையும் ஆட்டோக்களின் இரைச்சலையும் கடந்து தெற்கே சுமார் 5 கி.மீ. போனால் சாலை ஒரு குன்றின் மீது ஏறத் தொடங்குகிறது. உச்சியில், பழைய ஐதராபாத்தை மொத்தமாகக் கீழே கிடத்தி வைத்துக்கொண்டு நிற்கிறது ஃபலக்நுமா அரண்மனை. 'வானத்தின் கண்ணாடி' என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள்.

கட்டியவர் நவாப் விகார்-உல்-உம்ரா. அந்தஸ்தில் நிஜாம் குடும்பத்துக்கு அடுத்தபடியாக இருந்த பைகா பரம்பரைக்காரர். ஆறாவது நிஜாம் மெஹபூப் அலி கானின் சகோதரியை மணந்தவர். பின்னாளில் சமஸ்தானத்தின் பிரதம மந்திரி. 1884ல் தொடங்கிய கட்டட வேலை சுமார் 9 ஆண்டுகள் நீடித்தது.

உள்ளே நுழைந்தால் எல்லாமே பார்ப்பவர் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. இத்தாலியப் பளிங்குப் படிக்கட்டு. ஆஸ்லர் சரவிளக்குகள். வின்ட்சர் கோட்டை நூலகத்தை மாதிரியாகக் கொண்டு வால்நட் மரத்தில் இழைத்த நூலகக் கூரை. சாப்பாட்டு அறையில் ஒரே மேஜை. அதைச் சுற்றி 101 பேர் உட்காரலாம். எந்தக் குடும்பத்திலும் தினசரி 101 பேர் சாப்பிடுவதில்லை. மேஜைக்கு அளவெடுத்தது விருந்தாளிகளை வைத்து.

செலவு நவாபை அழுத்தியது. விருந்துக்கு வந்த நிஜாமுக்கு வீடு பிடித்துப்போக, மைத்துனர் அதை அப்படியே கையளித்தார், நிஜாமும் பெருந்தொகை கொடுத்து ஈடுகட்டினார் என்பது ஊர்ப்பேச்சு. எப்படியோ, 1890களின் இறுதியில் வீடு கை மாறிவிட்டது. ஒன்பது ஆண்டுகள் கட்டியவர் அதில் வாழ்ந்தது சில ஆண்டுகளே.

நிஜாமும் அதைப் பெரும்பாலும் விருந்தினர் மாளிகையாகவே வைத்துக்கொண்டார். 1906ல் வேல்ஸ் இளவரசராக வந்த ஐந்தாம் ஜார்ஜ் இங்கேதான் தங்கினார். நிஜாமின் துணிமணிகளோ மலைமேல் வரவில்லை. அவை கீழே, நகருக்குள், புரானி ஹவேலியில் இருந்தன.

அதைப் பார்க்காமல் ஊர் திரும்பக்கூடாது. ஹவேலியின் ஒரு பக்கக் கட்டடம் முழுவதும் நிஜாமின் அலமாரி. 100 அடிக்கு மேல் நீளும் நடைவழி, இருபுறமும் மரக் கதவுகள், இரண்டு அடுக்கு. மேலடுக்குக்குப் போக, கையால் சுற்றி இயக்கும் மர லிஃப்ட். ஒருமுறை போட்ட உடையை மெஹபூப் அலி கான் மறுமுறை போடமாட்டார் என்பார்கள். அந்தப் பழக்கத்துக்கேற்ற அளவில்தான் தச்சரும் செய்திருக்கிறார். வேலைப்பாட்டில் ஆடம்பரம் குறைவு. எடுக்க, வைக்க, தேட வசதி, அவ்வளவுதான். 2000ல் இந்த ஹவேலியில் நிஜாம் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஏழாவது நிஜாமின் வெள்ளி விழாப் பரிசுகளைப் பார்க்க வருகிறவர்கள் இந்த அலமாரி முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

ஒருவருடைய துணி எங்கே மடித்து வைக்கப்பட்டிருக்கிறதோ அதுதான் அவர் வீடு. இந்தக் கணக்கில் பார்த்தால் ஃபலக்நுமா ஒருபோதும் யாருக்கும் முழு வீடாக இருந்ததில்லை. 1911ல் நிஜாமின் உயிர் பிரிந்தது என்னவோ அங்கேதான். 1951ல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் வந்து தங்கிய பிறகு மாளிகை மூடிக் கிடந்தது. தாஜ் குழுமம் சுமார் 10 ஆண்டுகள் செப்பனிட்டு, 2010 நவம்பரில் ஓட்டலாகத் திறந்தது. ஒரு பெட்டியோடு வந்து இரண்டு நாளில் கிளம்பிவிடுகிற விருந்தாளி: அந்த வீட்டுக்குப் பொருத்தமான குடித்தனக்காரர் கடைசியில் கிடைத்துவிட்டார்.

நகரின் மறுகோடியில், பஞ்சாரா ஹில்ஸிலும் ஜூப்ளி ஹில்ஸிலும் பாறைகளை உடைத்து எழும்பிய வீடுகளுக்கும் இதே சிக்கல்தான். மலைமேல் மனை வாங்குவது காட்சிக்காக. காட்சி வேண்டுமென்றால் சுவரெல்லாம் கண்ணாடி. கண்ணாடியில் அலமாரி மாட்ட முடியாது. ஜன்னலுக்குக் கொடுத்த ஒவ்வொரு அடியும் பீரோவிலிருந்து பிடுங்கியது. மலைச்சரிவுக்குத் திரும்பிய, வெளிச்சம் குறைந்த பின்சுவரைப் பொருள் வைக்க ஒதுக்கிவிட்டு, பள்ளத்தாக்கைப் பார்க்கும் முன்சுவரைத் திறந்துவிடுவது புத்திசாலித்தனம். நவாப் ஒரு மலையிலும் நிஜாம் ஒரு தெருவிலுமாகப் பிரித்து வைத்ததை ஒரே கூரைக்குள் கொண்டுவரும் வழி அது.

அலமாரியும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. 1891ல் வாங்கப் பேரம் பேசி, கோர்ட் வரை போய் நிஜாமுக்கு மனக்கசப்பை மட்டுமே தந்தது 184 காரட்டுக்கு மேற்பட்ட ஜேக்கப் வைரம். அவர் காலமான பிறகு மகன் உஸ்மான் அலி கான் அதைக் கண்டெடுத்தார் என்று சொல்லப்படும் இடம், அத்தனை கதவுகளில் எதற்குப் பின்னாலும் இல்லை. அப்பாவின் பழைய காலணி ஒன்றின் முனையில்.