சங்கர்லால் தேநீர் அருந்துகிறார்

தமிழில் துப்பறிகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காருக்குத் திகம்பர சாமியார். தேவனின் சாம்பு அசட்டு அதிர்ஷ்டத்தில் ஜெயிக்கிற ஆள். ஆனால் 'ஜென்டில்மேன்' துப்பறிவாளர் என்றால் எனக்குத் தமிழ்வாணனின் சங்கர்லால்தான். மேஜைமேல் காலை நீட்டி, தேநீரை உறிஞ்சியபடியே யோசிப்பார். மனைவி இந்திரா, வேலையாள் மாணிக்கம் என்று அடக்கமான குடும்பம். துப்பு துலக்கப் பெர்லின்வரை போவார். பேட்டை ஸ்டேஷனில் செங்கோட்டை ரயில் ஏறினால் குற்றாலத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் நாங்கள். எங்களுக்கு உலகப்படம் அவர்தான்.

இந்த வருஷம் மணிமேகலைப் பிரசுரத் தொகுதிகளை வாங்கியது அப்பாவுக்காக. கண் நீர் அழுத்தம் அவர் பார்வையை முழுசாக எடுத்துக்கொண்டுவிட்டது. மில்லில் ஷிப்டு முடித்து வந்து, வாடகை நூலகத்துப் புத்தகத்தை ஒரே மூச்சில் முடிக்கிறவர். இப்போது நான் வாசிக்க, அவர் கேட்கிறார்.

மர்மம் என்று பார்த்தால் பல கதைகளில் பாதியிலேயே குற்றவாளி தெரிந்துவிடுகிறான். தற்செயல்களும் அதிகம். தமிழ்வாணன் 1977இல் மறைந்தார். செல்போனும் கேமராவும் இல்லாமல், டிரங்கால் போட்டுக் காத்திருக்கிற அந்த உலகம் அத்தோடு நின்றுவிட்டது. எழுதியபோது சமகாலம், இன்றைக்குச் சரித்திரம்.

இந்த முறை என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மொழி. எல்லாரும் சுத்தமான எழுத்துத் தமிழில், மரியாதையாகப் பேசுகிறார்கள். யார் இப்படிப் பேசுவார்கள் என்று சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"மில்லுல நாள் பூரா ஏலே, வாலேதான். வீட்டுக்கு வந்து இதைப் பிரிச்சா ஒருத்தன் 'வாருங்கள், அமருங்கள்'ம்பான். அது என்னையச் சொன்ன மாதிரி இருக்கும்யா."

நாங்கள் கொலைகாரனைத் தேடிப் படித்த பக்கங்களில் அவர் வேறொன்றைத் தேடியிருக்கிறார். துப்பறியும் கதைகளை இலக்கியக் கணக்கில் சேர்ப்பதா என்ற பேச்சு நம்மிடம் ஓயாது. ஒரு மில் தொழிலாளிக்கு ஒரு மணி நேர மரியாதை கொடுத்த எழுத்தை எந்தக் கணக்கில் வைப்பது?

எல்லாக் கதையின் முடிவும் அவருக்கு ஞாபகமிருக்கிறது. ஆனாலும் கடைசி அத்தியாயம் வந்தால் கையை நீட்டிப் புத்தகத்தை மூடச் சொல்கிறார்.

"இருக்கட்டும்யா, நாளைக்கு வச்சிக்கிடுவோம்."

அலமாரியில் இன்னும் நாலு தொகுதி இருக்கிறது. மெதுவாகத்தான் வாசிக்கிறேன்.