வேர் எந்த ரகம்?

தில்லிக் குளிர்காலத்தில் தெருமுனைக்குத் தெருமுனை கின்னோ ஆரஞ்சு பிழிகிறார்களே, அதில் ஒரு பங்கு பாலைவன விளிம்பிலிருந்து வருகிறது. ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகரில் கோடை வெயில் 45 டிகிரியைத் தாண்டும். பழமரத்தைச் சாத்தியமாக்கியது, மகாராஜா கங்கா சிங் 1927ல் சட்லெஜ் நீரைக் கொண்டுவந்த கால்வாய்.

கன்று வாங்குகிறவருக்குத்தான் சோதனை. நர்சரியில் எல்லாமே ஒன்றுபோலப் பச்சை. கலிபோர்னியாவில் உருவாகி 1935ல் வெளியான கின்னோ, ஒட்டுக்கன்றின் மேல்பாதி மட்டுமே. கீழே இருப்பது பெரும்பாலும் 'ஜட்டி கட்டி' (தமிழ்க் காதுக்குச் சிரிப்பு வரலாம்) என்கிற முரட்டு எலுமிச்சை. வறட்சியைத் தாங்கும், உப்பென்றால் சுணங்கிவிடும். ஆழ்குழாய்த் தண்ணீர் கரிக்கும் நிலத்துக்கு கிளியோபாட்ரா மாண்டரின் வேர் தேவலை. ஆனால் வாங்குகிறவர் கேட்பது விலையைத்தான். ஒட்டு தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர்களும் குறைவு. ஒட்டு மண்ணில் புதைந்தால் தண்டில் பிசின் வடிந்து அழுகல் ஏறும்.

வேர் சரியில்லை என்பது தெரியவர நாலைந்து வருடம் ஆகும், காய்க்கிற சமயத்தில். அப்போது பழைய ரசீதைத் தேடியெடுத்தால், அதில் 'கின்னோ' என்று மட்டும் எழுதியிருக்கும்.