மூக்குப்படி

எங்கள் தொழிற்சாலையில் பிளேட்டிங் ஷாப்காரர்களின் சம்பளச் சீட்டில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: பிளேட்டிங் படி, ரூ. 60. அதை வாங்கித் தந்தவன் நான். 1994 ஊதிய ஒப்பந்தத்தில் எட்டாவது அம்சம். ஷாப்காரர்கள் அதற்கு வைத்த பெயர் வேறு. மூக்குப்படி.

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தத் தொழிற்சாலையின் கேன்டீனில், அந்த ஒப்பந்தத்துக்கு முன்பு ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரம். பதினெட்டு வருஷ சர்வீஸ் போட்ட பிளேட்டிங் அண்ணன் ஒருவர் எழுந்துபோய்த் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினார். லுங்கியில் துடைத்தார். இடது நாசியில் நுழைத்தார். குச்சி வலது நாசி வழியாக வெளியே வந்தது. இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் இழுத்துக் காட்டினார். புதுப் பையன்கள் அலறினார்கள், அப்புறம் சிரித்தார்கள்.

“இன்னா தலைவரே அப்டிப் பாக்குற? வலியே இல்ல. மூக்குத்தி ஒண்ணு வாங்கிக் குடு, போட்டுக்கறேன்.”

நானும் சிரித்தேன். அப்போது நான் சங்கச் செயலாளர். நிர்வாகம் அமைத்த பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் தரப்பு உறுப்பினரும் நானே. அன்று நான் செய்திருக்க வேண்டியது எழுந்து போய்க் குறிப்பேட்டில் எழுதுவது. தட்டில் மீதியிருந்த சாதத்தைச் சாப்பிட்டு முடித்தேன்.

குரோம் முலாம் தொட்டியைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொட்டி நிறையக் குரோமிக் ஆசிட் கரைசல், நல்ல செம்பழுப்பு நிறத்தில், சூடாக. ஜிக்கில் மாட்டிய சாமான்களை உள்ளே இறக்கி ரெக்டிஃபையரைப் போட்டால் மின்சாரத்தில் சொற்பம்தான் முலாம் படியச் செலவாகும். பெரும்பங்கு தண்ணீரைப் பிளந்து வாயுவாக்கும். அந்தக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஆசிட் துளிகளைக் காற்றில் தெறிக்கவிடும். குனிந்து ஜிக்கைத் தூக்குகிறவன் முகம் அதற்கு நேர் மேலே. முதலில் தும்மல், நீர் ஒழுகல். பிறகு ரத்தம், பொருக்கு. ஒரு நாள் பொருக்கு உதிரும்போது மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்திருக்கும். அதோடு வலி நின்றுவிடும். “சரியாயிடுச்சு தலைவரே” என்பார்கள். விரல் முட்டிகளில் விழும் சின்னச் சின்னக் குழிப்புண்களை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் எல்லாம் இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை வேறு. மூக்கில் விழுந்த ஓட்டையை எந்த வெல்லம் அடைக்கும்?

இனி 1994-க்கு வருகிறேன். கோரிக்கைப் பட்டியலில் ஏழாவது, பிளேட்டிங் தொட்டிகளுக்கு உறிஞ்சு குழாய். எட்டாவது, ஆபத்துப் படி. நிர்வாகத் தரப்பு ஏழாவதைப் பார்த்துவிட்டு இரண்டு லட்சத்துக்குமேல் ஆகும் என்றது; இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றது. ஷாப்பில் பதினோரு பேர். ஆளுக்கு 60 என்றால் மாதம் 660 ரூபாய். நிர்வாகத்துக்கு எது லாபம் என்று தெரிய மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டியதில்லை. எனக்கும் அது லாபமாகத்தான் பட்டது. குழாய் வந்தால் சுவரில் இருக்கும், யார் பார்ப்பார்கள்? படி வந்தால் மாதாமாதம் சீட்டில் வரும். அடுத்த சங்கத் தேர்தல் எட்டு மாதத்தில். இருபது நிமிஷத்தில் முடிவெடுத்தேன். ஒப்பந்தம் கையெழுத்தான அன்று கேட்டில் எனக்கு மாலை போட்டார்கள்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. தொழிற்சாலைச் சட்டப் புத்தகம் எப்போதும் என் சட்டைப்பையில். ஓவர்டைம் பிரிவும் விடுப்புப் பிரிவும் தலைகீழாகச் சொல்வேன். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-ல் அதில் ஓர் அத்தியாயமே சேர்த்தார்கள். என்ன ரசாயனத்தில் வேலை செய்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை, மருத்துவப் பதிவைப் பார்க்கும் உரிமை, உடனடி ஆபத்து என்று பட்டால் நிர்வாகத்திடமும் இன்ஸ்பெக்டரிடமும் சொல்லும் உரிமை, எல்லாம் அதில் இருந்தது. புத்தகத்தின் கடைசியில் தொழில்நோய்ப் பட்டியல். குரோம் புண் அதில் ஒன்று. அந்தப் பக்கங்கள் மட்டும் என் புத்தகத்தில் மடங்காமல் புதிதாகவே இருந்தன. குரோமிக் ஆசிட்டில் இருக்கும் குரோமியம் 6 நுரையீரல் புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-லேயே அறிவித்துவிட்டது. அது எனக்குத் தெரியாதுதான். ஈர்க்குச்சி தெரியுமே.

1994-க்காவது கைகாட்ட ஒரு நிர்வாகம் இருக்கிறது. 1998-க்கு யாரும் இல்லை. புதிதாக வந்த பிளான்ட் மேனேஜர் ஒருவர் சங்க அறைக்கே வந்து, மேசைமேல் ஒரு பிடி வெள்ளை பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டினார். டேபிள் டென்னிஸ் பந்து அளவு இருக்கும். தொட்டி முழுக்க மிதக்கவிட்டால் தெறிப்பு பெரும்பாலும் அமுங்கிவிடும், மிச்சத்தை விளிம்பிலேயே உறிஞ்ச டக்ட் போடுகிறேன், பணம் சாங்ஷன் ஆகிவிட்டது என்றார். ஒரே நிபந்தனை. ஆபத்து குறைவதால் படி நிற்கும். அப்போது படி 110 ரூபாய்.

அவர் போனதும் பிளேட்டிங்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். “தலைவரே, புள்ள ஃபீஸே அதுலதான் கட்டுறேன்” என்றார் ஒருவர். படியை அடிப்படைச் சம்பளத்தில் சேர், பந்தையும் டக்டையும் போடு என்று நான் கேட்டிருக்கலாம். அந்த மேனேஜர் ஒப்புக்கொண்டிருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன். அதற்குப் பதில் மறுநாள் கேட் மீட்டிங்கில் மைக்கைப் பிடித்தேன். “பந்தைக் காட்டிப் பணத்தைப் பிடுங்கப் பார்க்கிறார்கள்!” கைதட்டல் ஓயவே இல்லை. மோனை நன்றாக விழுந்ததில் எனக்கே பெருமை. மேனேஜர் ஒரே வருஷத்தில் மாற்றலாகிப் போனார். மேசையில் கிடந்த பந்துகளில் இரண்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன். காலடிப்பேட்டைச் சந்தில் என் பையன் அதை வைத்துக் கிரிக்கெட் ஆடினான்.

1918-ல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கண்டபோது, மதியம் நிம்மதியாகச் சாப்பிட நேரம் போதவில்லை என்பதும் அவர்கள் குறைகளில் ஒன்று. மே தினக் கூட்டங்களில் இதை நான் பலமுறை பேசியிருக்கிறேன். கூலிக்கு முன்னால் உடம்பு என்று முழங்கவும் செய்திருக்கிறேன்.

2003-க்குப் பிறகு எங்கள் பிளேட்டிங் தொட்டிகளில் கான்ட்ராக்ட் பையன்களை நிறுத்தினார்கள். அவர்கள் சங்க உறுப்பினர்கள் இல்லை. அவர்களுக்குப் படியும் இல்லை. அதைப் பற்றி நான் பேசவே இல்லை.

2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது போய்ப் பார்த்தேன். மீனவப் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிளாஸ்டிக் மக்கால் எண்ணெயை மொண்டு பக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பலர் கையில் உறைகூட இல்லை. அந்த மாதமே 26-ம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஊரே எழுந்து ஓடியது. எண்ணெய்க்கு நிவாரணமாக 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. பக்கத்தில் நின்றவர் “இதுக்கு இதான் ரேட்டா?” என்று காறித் துப்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. அறுபது ரூபாய்க்கு ரேட் பேசியவன் நான்.

பிளேட்டிங் ஷாப்பின் அந்தப் பதினோரு பேரில் ஏழு பேர் என்ன ஆனார்கள் என்று தேடிக் கண்டுபிடித்தேன். ஐந்து பேருக்கு மூக்கில் ஓட்டை இருக்கிறது. ஒருவருக்கு மீன் வாசனையே தெரியவில்லை, அதுவும் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் குடியிருந்துகொண்டு. ஈர்க்குச்சி அண்ணன் 2016-ல் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். பீடி குடிப்பவர் என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது, அதுவும் உண்மைதான். குரோமியத் தொட்டியில் நின்ற வருஷங்கள் அதில் எங்கேயும் இல்லை. நிரூபிக்க என்னிடம் எதுவும் கிடையாது. நிரூபிக்கத் தேவையான காகிதத்தைப் பாதுகாப்புக் குழுவில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டியவன் நான்தான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் சமோசா உண்டு. “ஆட்சேபம் எதுவும் இல்லை” என்பதன்கீழ் என் கையெழுத்து இருக்கிறது.

என் மூக்கு முழுசாக இருக்கிறது. நான் மெஷின் ஷாப்.

இன்னும் நான்கு பேர் பாக்கி. கான்ட்ராக்டில் நின்ற பையன்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் என்னிடம் இல்லை. வடசென்னையில் எந்தப் பட்டறையிலாவது குரோம் தொட்டியில் நின்றவர்கள் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை எந்த நோய்க்காக டாக்டரிடம் போனாலும், எந்தத் தொட்டியில் எத்தனை வருஷம் நின்றீர்கள் என்பதைச் சொல்லி, சீட்டில் எழுத வையுங்கள். அவராகக் கேட்கமாட்டார். மூக்கையும் காட்டுங்கள்.