ஆறப் பொறுக்கணும்!

நாமக்கல்காரன் என்று சொன்னால் போதும், வெளியூர்க்காரர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். ஆஞ்சநேயர் எத்தனை அடி? முட்டை இன்னிக்கு என்ன விலை? அப்புறம், ‘ஸார், வண்டி நின்னு போச்சு, கொஞ்சம் பாருங்களேன்!’

முதல் கேள்விக்கு பதினெட்டு என்று டக்கென்று சொல்லிவிடுவேன். இரண்டாவதற்குப் பேப்பரைப் பார்த்துச் சொல்வேன். மூன்றாவதற்கு மட்டும், ‘நான் பி.காம். ஸார்’ என்று நழுவிவிடுவேன். லாரி பாடி கட்டும் ஊரில் பிறந்துவிட்டு, ரேடியேட்டர் எது, பேட்டரி எது என்று தெரியாமல் முப்பத்தாறு வயசு வரை ஓட்டிய ஒரே ஆசாமி நானாகத்தான் இருப்பேன்.

இத்தனைக்கும் அப்பா முப்பது வருஷம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். ஊர்ப் பையன்களுக்கெல்லாம் தொழில் சொல்லிக் கொடுத்தவர், என்னை மட்டும் பானெட் பக்கம் விட்டதில்லை. ஸ்பேனரை எடுத்தால், “அதை வெச்சுட்டுப் போயி படிடா” என்பார். படித்தேன். டெபிட், கிரெடிட் தெரிந்தது. வண்டி தெரியவில்லை.

எங்கள் வீட்டு கார், அப்பா 2004-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம். அந்த மாடலை அவர்களே எப்போதோ மறந்திருப்பார்கள். போன வருஷம் அப்பாவுக்குக் கண்ணில் பிரஷர் என்று டாக்டர் சொன்னார். இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். “அப்ப காரை வித்துரலாம்” என்றேன் நான். அவ்வளவுதான். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு மாசம் எல்லாமே அம்மா வழியாகத்தான். ‘உங்கப்பாகிட்ட மாத்திரை சாப்பிடச் சொல்லு.’ ‘உம் பையங்கிட்ட கரன்ட் பில்லு கட்டச் சொல்லு.’ மூன்று பேரும் ஒரே ஹாலில்தான் உட்கார்ந்திருப்போம்!

ஆடி பிறந்தது. ஆடிக்கு ஒரு தரம் கொல்லிமலை ஏறி அறப்பளீஸ்வரரைப் பார்த்துவிட வேண்டும் அப்பாவுக்கு. “கடைசியா ஒருக்கா அந்த வண்டியிலயே கூட்டிட்டுப் போயிட்டு வந்துரு கண்ணு. அப்புறம் வித்துக்க” என்று அம்மா தீர்ப்பு சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் பிள்ளையும் வாயைத் திறக்காமல் கிளம்பினோம்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, அப்புறம் காரவள்ளி. அதுவரை சமதரை. காரவள்ளியில் ரோடு திடீரென்று நிமிர்ந்து நிற்கும். அங்கிருந்து மேலே மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு நம்பர் போர்டு வேறு. ஏற்காட்டுக்கு சேலத்திலிருந்து ஏறினால் இருபது வளைவில் ஆட்டம் முடிந்துவிடும். இங்கே இருபதில் டிபன்தான் ஜீரணமாகியிருக்கும். பாரப்பெட் சுவரில் குரங்குகள் குடும்பத்தோடு உட்கார்ந்து, ‘இவன் எத்தனையாவதில் நிற்பான்?’ என்று பந்தயம் கட்டுகிற மாதிரியே பார்க்கும்.

நாற்பத்து மூன்றாவதில் நின்றேன்.

முதலில் ஒரு தித்திப்பு வாசனை. நான், அப்பா கடலை மிட்டாய் எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அப்பாவோ மூக்கை உயர்த்தி, “கூலன்ட்டு” என்றார். ஒரு மாசத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை! மீட்டரில் முள் சிவப்புக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

“ஏ.சி.யை நிறுத்து. ஹீட்டரைத் திருப்பி வை.”

“ஹீட்டரா?”

“வைடா! இன்ஜின்ல இருக்கிற சூட்டை நம்ம மேல வாங்கிக்கணும். ஓரங்கட்டி நிறுத்து.”

ஹீட்டருக்குள் ஓடுவதும் அதே இன்ஜின் தண்ணீர்தானாம். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர் மாதிரி. வேர்த்து வழிய வண்டியை ஓரங்கட்டினேன். பானெட்டைத் தூக்கினால் ஒரே ஆவி. எனக்கு வீரம் வந்தது. துண்டை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். பின்னாலிருந்து மணிக்கட்டில் ஒரு பிடி. எழுபது வயசுக் கையில் அத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும். உக்காரு.”

சட்டைக் கையை மடக்கினார். முழங்கைக்குக் கீழே அந்தப் பழைய தழும்பு. சின்ன வயசில் கேட்டபோது ‘ஸ்டவ்வு வெடிச்சது’ என்று சொன்னது. ஸ்டவ் இல்லை. 1994-ல் ராஜஸ்தானில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, அவசரத்தில் சூட்டோடு மூடியைத் திறந்திருக்கிறார். “மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன், கண்ணு தப்பிச்சுது. வீட்டுக்கு வந்ததும் நீ ஓடி வந்து லாரிக்குக் கீழ பூந்தே. அன்னிக்கே முடிவு பண்ணுனேன், இவன் பேனாவப் புடிக்கட்டும்னு.”

நான் பேசவில்லை. முப்பது வருஷமாக, எனக்கு வேலை கற்றுத்தராத மனுஷன் என்று இவர்மேல் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்தக் கணக்கில் டெபிட்டையும் கிரெடிட்டையும் மாற்றி எழுதியிருக்கிறேன் என்று அங்கேதான் தெரிந்தது.

விஷயம் குக்கர் மாதிரிதான். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, ஸ்பிரிங் வைத்த வால்வு. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 120 டிகிரி வரைகூடத் தாங்கும். திறந்தீர்களோ, அழுத்தம் போய் அவ்வளவும் ஒரே நொடியில் ஆவியாகிச் சீறும். மலையில் இன்னும் மோசம். ஆயிரம் மீட்டருக்கு மேலே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

முக்கால் மணி நேரம் அந்த வளைவிலேயே உட்கார்ந்திருந்தோம். கீழே சேந்தமங்கலம் பக்கத்து வயல்கள் கட்டம் போட்ட லுங்கி மாதிரி விரிந்து கிடந்தன. கடந்து போன பஸ்ஸிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்து, “மஞ்சப்பொடி கொட்டுங்கண்ணா!” என்று இலவச வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார். பைக்கில் வந்தவர், முட்டை உடைத்து ஊற்றினால் ஓட்டை அடைபடும் என்றார். நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்! அப்பா சிரித்தார். “வழியில்லாத ரோட்டுல நானும் மஞ்சப்பொடி போட்டவன்தான். ஓட்டையோட சேர்த்து உள்ள இருக்கிற சந்தையெல்லாம் அடைச்சுப்போடும்.”

வண்டி ஆறினதும் மூடியை மெல்லத் திறந்து, இருந்த இரண்டு லிட்டரை ஊற்றினோம். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் இரும்பு விரிசல் விடலாம். அதனால்தான் அத்தனை பொறுமை. கோயில் இன்றைக்கு இல்லை, இறங்குடா என்றார். இறக்கம்தானே என்று இன்ஜினை அணைக்கப் போனேன். அதற்கும் ஒரு திட்டு. அணைத்தால் பிரேக் கட்டை மாதிரி இறுகிவிடும். கியரிலேயே இறங்கணும்.

மேலே செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தவன் என்று புறநானூறு பாடும் வள்ளல். எங்கள் வண்டி ஒரே ஓட்டையில் இரண்டு பேரின் வீம்பைத் துளைத்துவிட்டது.

அடிவாரம் தாண்டி ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினோம். பையன் டார்ச் அடித்துக் கீழே குனிந்து பார்த்தான். இடது ஓரத்தில் சொட்டு. “ரேடியேட்டர் போச்சுண்ணா. ஏழாயிரத்தைந்நூறு.” நான் பணம் அனுப்ப செல்போனையே எடுத்துவிட்டேன். “நாளைக்குச் சொல்றம் தம்பி” என்று அப்பா என்னை இழுத்து வந்துவிட்டார். காரில் ஏறினதும் சொன்னார்: “சொட்டுற எடம் வேற, ஒழுகுற எடம் வேறடா. ஓட்டு வீட்டுல இருந்தவனுக்குத்தான் அது தெரியும்.”

மறுநாள் ஆபீசுக்கு லீவு. காலையில் வண்டி நன்றாக ஆறியிருந்தது. அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். “உன்ற கண்ணு, என்ற மூக்கு. ஆரம்பி.”

வண்டிக்கடியில் ஒரு பெரிய அட்டை. அதில் விழும் சொட்டின் நிறம் பார்க்கணும். நிறமில்லாமல் பச்சைத் தண்ணீராக இருந்தால் ஏ.சி. தண்ணீர், பயமில்லை. கறுப்போ பழுப்போ என்றால் ஆயில். எங்களது பச்சை, தித்திப்பு வாசனை. கூலன்ட்டேதான். (அந்தத் தித்திப்பை நம்பி நாய் நக்கினால் செத்துப்போகும். உடனே துடைத்துவிடணும்.) அடுத்து ரேடியேட்டர், ஹோஸ், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் துணியால் ஈரமில்லாமல் துடைத்தேன். துடைக்கும்போதே வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குத் தட்டின இடம் கண்ணில் பட்டது. கசிந்து காய்ந்த தடம்! அது கீழேயிருந்து மேலே, ரேடியேட்டரின் பக்கத் தகடு வழியாக ஏறிப்போனது.

பிறகு இன்ஜினை ஓடவிட்டோம். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கியதும், மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் இடத்தில், கிளிப்புக்கு அடியில் வேர்வை மாதிரி ஒரு முத்து. அது உருண்டு, தகடு வழியாக இறங்கி, இடது ஓரத்தில் சொட்டென்று விழுந்தது. ரப்பர் ஆறியிருக்கும்போது கீறல் மூடிக்கொள்கிறது; சூடும் அழுத்தமும் ஏறினால் திறந்துகொள்கிறது. ரேடியேட்டர் பாவம், நிரபராதி!

இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டோம். (லுங்கியை மடித்துக் கட்டாமல் பானெட் பக்கம் போகாதீர்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சுற்றும்.) கிளிப்பைக் கழற்றினேன். அடியில் ரப்பரைக் கத்தி வெட்டின மாதிரி ஒரு கோடு.

“யாரோ கிளிப்பை வெறி புடிச்சு முறுக்கியிருக்கான்” என்றார் அப்பா, விரலால் தடவியபடி.

அந்த யாரோ நான்தான். இரண்டு மாசம் முன்னால் செல்போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, அவருக்குத் தெரியாமல் பானெட்டைத் திறந்து, கண்ணில் பட்ட ஸ்குரூவையெல்லாம் பலம் கொண்டமட்டும் முறுக்கி வைத்திருந்தேன். டைட்டாக இருந்தால் நல்லதுதானே என்று! ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால், அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏனுங்க, என்ன ஆச்சு?” என்று அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

பழைய ஹோஸைச் சாம்பிளுக்கு எடுத்துப்போய் புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் வாங்கினேன். நானூறு ரூபாய்க்குள் முடிந்தது. ரேடியேட்டரின் கழுத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, அதில் இருக்கும் வரம்பைத் தாண்டி ஹோஸ் உட்கார்ந்த பிறகு கிளிப். ரப்பர் லேசாக அமுங்கினதும் நிறுத்தணும். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. ஆறின இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, காற்றுக் குமிழி அடங்கும்வரை விட்டு, மூடி. மறுநாள் காலையில் அட்டை காய்ந்து கிடந்தது. பாங்கில் பாலன்ஸ் டாலி ஆன சந்தோஷம்!

எல்லா ஒழுக்கும் வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தாலோ, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே போகிறது என்று அர்த்தம். அது மெக்கானிக் வேலை. ரேடியேட்டரே ஓட்டையானாலும், பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு மறுபடி ஏறினோம். நாற்பத்து மூன்றில், “நிறுத்து” என்றார் அப்பா. எனக்குத் திக்கென்றது. முள் நடுவில்தான் இருந்தது. இறங்கிப்போய் அதே சுவரில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தார். “தெரியுதுங்களாப்பா கீழே?” என்று கேட்டேன். “பச்சையாத் தெரியுது. போதும்” என்றார்.

எழுபதும் முடிந்தது. சோளக்காட்டில் அன்னாசியும் மிளகும் வாங்கினோம். அறப்பளீஸ்வரரைக் கண்குளிரப் பார்த்தார். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கணும். அது உன் பங்கு என்று என்னை அனுப்பிவிட்டுக் கோயில் நிழலில் படுத்துக்கொண்டார்.

நான் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தபோது, காரை விலைக்குக் கேட்டிருந்த ஆசாமியிடமிருந்து போன். “என்ன ஸார், முடிச்சிரலாமா?”

அப்பா கண்ணை மூடித்தான் படுத்திருந்தார். காது மட்டும் இந்தப் பக்கம்.

“இப்பதாங்க மலை ஏறியிருக்கு” என்றேன். “வண்டி ஆறட்டும். பார்க்கலாம்!”