பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்?

"இதை வெச்சு ஏதாவது பண்ண முடியுமா?" என்று பரணில் கிடந்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் 2025 அக்டோபருக்குப் பிறகு கூடிவிட்டார்கள். அந்த மாதம் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கும், குறைந்தது 4 ஜிபி ராம் கேட்கும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது கேட்கும். தமிழ்நாடு அரசு 2011-இல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் முதல் சில ஆண்டுகளில் வந்தவை அந்தப் பக்கமே போக முடியாது.

அந்தக் கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். டெபியனை அடிப்படையாக வைத்து நம் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. நான் பார்த்த வீடுகளில் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. சொல்லிக் கொடுக்க ஆளில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் மடியிலேயே லினக்ஸ் இருந்தது.

எந்த லினக்ஸ் லேசானது என்று கேட்டால் பலரும் முதலில் கோப்பின் அளவைப் பார்க்கிறார்கள். டைனி கோர் சில பத்து எம்பிக்குள் அடங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் பாரி காலர் 2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ், மொத்தமாக ராமில் ஏறிக்கொண்டு பறக்கும். பப்பி இல்லாமல் என் பென்டிரைவ் இருந்ததே இல்லை. சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்கிலிருந்து கல்யாணப் போட்டோக்களை மீட்க அதைப்போல் ஒன்று கிடையாது. ஆனால் படிக்கிற பிள்ளையின் அன்றாடக் கணினிக்கு அதைப் போடமாட்டேன். வழக்கமான பப்பியில் எல்லாமே ரூட் அதிகாரத்தில் ஓடுகிறது. அதைப் புதுப்பிக்கிற முறையும் மற்றவற்றிலிருந்து வேறு, பழகியவர்களுக்குத்தான் சரிப்படும்.

பார்க்க வேண்டியது கோப்பின் அளவை அல்ல, ராமை. அந்த ராமைத் தின்பதும் இயங்குதளத்தைவிட பிரௌசர்தான். ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் எழுந்து நிற்க இருநூறு, முந்நூறு எம்பி போதும். எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம் ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு எடுக்கும். 1 ஜிபி கணினியில் இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. 4 ஜிபியில் அதைப் பேசிக்கொண்டிருப்பதில் பொருளில்லை, ஏனென்றால் பிரௌசரைத் திறந்து யூடியூபும் மின்னஞ்சலும் போட்டாலே ஒரு ஜிபிக்கு மேல் காலி. 2 ஜிபிதான் இரண்டுங்கெட்டான் இடம். அங்கே எல்எக்ஸ்கியூடி மேசைத்தளத்தைப் போட்டு, இசட்ராமை இயக்கிவிடுவேன். ராமில் சும்மா கிடப்பதைச் சுருக்கி ராமிலேயே வைத்துக்கொள்கிற ஏற்பாடு அது. டிஸ்குக்கு ஓடுவது குறையும்.

அந்த ஓட்டம் கண்ணுக்கே தெரியும். கீபோர்டுக்குக் கீழே மினுக்மினுக்கென்று எரிய வேண்டிய ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், உள்ளே கரகரவென்று சத்தம் வரும், மௌஸ் அம்பு திக்கித்திக்கி நகரும். ராம் நிரம்பி, டிஸ்கை ராமாக்கிக்கொண்டு திணறுகிறது என்று அர்த்தம். இந்த நிலையில் எந்த லினக்ஸை மாற்றினாலும் ஓரளவுக்குத்தான் பலன். அடிமூடியைக் கழற்றி ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டியை வைத்துப் பாருங்கள், அதே கணினியா என்று கேட்பீர்கள்.

இன்டெல் ஆட்டம் என்270 போன்ற 32-பிட் பிராசஸர் இருக்கும் குட்டி நெட்புக்குகளின் கதை வேறு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32-பிட் கணினியில் நிறுவும் வசதியையே கைவிட்டுவிட்டது. குரோம் 2016-லேயே 32-பிட் லினக்ஸை விட்டுப் போயிற்று. தட்டச்சுக்கும் பாட்டுக்கும் அவை போதும், வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

இன்னொன்றை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. சில லேசான லினக்ஸ்களில் தமிழ் எழுத்துரு இருக்காது; செய்தித்தளத்தைத் திறந்தால் வரிசையாகக் கட்டங்கள். டெபியனில் ஃபான்ட்ஸ்-டிஏஎம்எல் என்ற பொதியை நிறுவினால் அது தீரும். பிறகு தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ், எம்17என் இரண்டையும் போட்டு, தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து 'கொ' என்று அடிப்பேன். கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் சரியாக உட்கார்ந்தால்தான் எனக்கு வேலை முடிந்த மாதிரி. அம்மா மொழியில் ஒரு கடிதம் அடிக்க முடியாத கணினி எவ்வளவு வேகமாக ஓடினால் என்ன?

என் சொந்தக் கணினிக்கு டெபியன்தான். முன்பெல்லாம் வைஃபைக்கான ஃபெர்ம்வேரைத் தேடி அலைய வேண்டியிருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ நிறுவியிலேயே அது வருகிறது. மற்றவர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் வீட்டில் நான் இருக்கமாட்டேன் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டியிருக்கிறது. லுபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு மூன்று ஆண்டு ஆதரவு. லினக்ஸ் மின்டுக்கு ஐந்து ஆண்டு. அந்த இரண்டு ஆண்டு வித்தியாசம் ஐம்பது எம்பி ராமைவிடப் பெரியது.

அக்கா மகள் தன் அண்ணனின் பழைய கணினியைக் கொண்டுவந்தபோது கேட்டது ஒன்றே ஒன்று: "மாமா, இதுல கிளாஸ் வீடியோ நிக்காம ஓடுமா?" ராம் கூட்டி 4 ஜிபி ஆக்கியிருந்த கணினி. வென்டாய் என்ற கருவியைப் போட்ட பென்டிரைவில் மூன்று நான்கு லினக்ஸ்களை வைத்து, எதையும் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடியைச் சாத்தித் திறந்தால் எழுகிறதா, வீடியோ நிற்காமல் ஓடுகிறதா என்று அவளே பார்த்தாள். நான் மனதில் வைத்திருந்தது டெபியனும் எல்எக்ஸ்கியூடியும். அவள் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பிடித்துக்கொண்டாள். மெனுவில் தேடுவது சுலபமாம், அப்டேட் வந்தால் அதுவே சொல்கிறதாம். அதையே நிறுவிக் கொடுத்தேன்.