தாழ்ப்பாளும் தீயும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டப் புறப்பட்டவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்த வீட்டில் பெரியவர் எவருமில்லை, பிள்ளைகள் மட்டுமே இருக்கிறார்கள் என்றால்? அவர்களுக்காக முன்கூட்டியே வெட்டி வைக்க வேண்டிய கிணறு எது? இக்கேள்வியை என் உள்ளத்தில் எழுப்பியது, ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மௌயியின் கடற்கரையில் உள்ள லஹைனா என்னும் சிறு நகரம்.

அங்கே கரும்பு ஆலை ஒன்று இருந்தது. 1999-இல் அது மூடப்பட்டது. கரும்பு விளைந்த நிலங்களில் அயல்நாட்டுப் புல் மண்டியது. கோடையில் காய்ந்து சருகாயிற்று. 2023 ஆகஸ்ட் 8 அன்று, வெகு தொலைவில் தெற்கே ஒரு புயல் கடந்து கொண்டிருக்க, மலைச்சரிவிலிருந்து கடலை நோக்கிப் பேய்க்காற்று வீசியது. மின்கம்பங்கள் சாய்ந்தன. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஆனால் விடுதிகளில் வேலை பார்த்த பெற்றோருக்கு விடுமுறை ஏது? பிள்ளைகள் வீட்டில் தனித்திருந்தனர்.

காலையில் மின்கம்பி அறுந்து மூண்ட தீ அடங்கிவிட்டதென்றே எண்ணினார்கள். பிற்பகலில் அது மீண்டும் உயிர் பெற்றது. காற்றில் பறந்த தீப்பொறிகள் தீக்கு முன்னே ஓடிக் கூரைகளைப் பற்றின. அபாயச் சங்கு ஒலிக்கவில்லை. கைப்பேசிகள் ஊமையாயின. வீடு நோக்கி விரைந்த பெற்றோர் சிலரைச் சாலை அடைப்புகள் தடுத்தன. கடலில் குதித்துப் பிழைத்தோர் பலர். மாண்டோர் 102 பேர். வீட்டில் தனித்திருந்த சிறுவரும் அவர்களுள் உண்டு.

இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. என் தாயார் காலை ஏழு மணிக்கே மில்லுக்குப் போய்விடுவார். விடுமுறை நாட்களில் நானும் எட்டாவது படிக்கும் தம்பியுந்தான் வீட்டில். புறப்படும்போது அவர் சொல்வது ஒன்றே: "கதவைத் தாழ் போட்டுக்கிட்டு உள்ளேயே இருங்க. நான் வர்ற வரைக்கும் எங்கேயும் போகக் கூடாது." அன்பு பேசும் சொல் அது. ஆனால் தீ வரும் நாளில் அந்தச் சொல்லே பிள்ளையைக் கட்டிப்போடும் அல்லவா?

மறுநாள் அம்மாவிடம் கேட்டேன். அடுப்பங்கரையிலிருந்து திரும்பிப் பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தீன்னா நான் சொன்னதெல்லாம் மறந்துடு. தம்பி கையைப் புடிச்சுக்கிட்டு ஓடு. வீடு போனா கட்டிக்கலாம்" என்றார். எங்கள் தெருக்கோடியில் உள்ள வெட்டவெளித் திடலே நாங்கள் கூடும் இடம் என்று அப்போதே முடிவாயிற்று.

நண்பர்களே, காட்டுத்தீ கடல் கடந்த நாட்டுக் கதை மட்டுமன்று. 2018 மார்ச் 11 அன்று நம் தேனி மாவட்டக் குரங்கணி மலையில், மலையேறச் சென்றோரை வளைத்ததும் காய்ந்த புல்லில் ஓடிய தீயே. மேட்டை நோக்கித் தீ விரைந்தேறும். ஆகவே மேலே ஓடலாகாது. நைலான் உடை உருகி உடலில் ஒட்டும். பருத்தி உடுத்த வேண்டும். புகையில் குனிந்து செல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புகையைக் கண்டதுமே கிளம்ப வேண்டும். பெட்டியையும் புத்தகத்தையும் தேடி நிற்கும் நேரம் திரும்பி வராது.

லஹைனாவில் ஓர் ஆலமரம் உண்டு. நம் இந்தியாவிலிருந்து சென்ற கன்று, 1873-இல் நட்டார்கள். அன்றைய தீயில் கருகிச் சில வாரங்களில் மீண்டும் துளிர்த்தது. வேரூன்றிய மரம் நின்ற இடத்திலேயே நின்றாக வேண்டும். பிள்ளைகளுக்கோ கால்கள் உண்டு. அவற்றுக்கு அனுமதிதான் வேண்டும்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் ஊர் ஊராகச் செல்லும் நாம், ஒவ்வொரு தாயிடமும் இதைக் கேட்டு வரலாமே: "எப்போது தாழ்ப்பாளைத் திறந்து ஓட வேண்டுமென்று உங்கள் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறீர்களா?" முன்கூட்டியே வெட்டி வைக்க வேண்டிய கிணறு அதுவே.